படகில் கயிறு இல்லை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். மழைக்காலம் முழுக்க என்னோடு குடியிருந்த இருமல் ஒருவழியாகக் காலி செய்துகொண்டு போய்விட்டது. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? காகிதக் கட்டைக் குனிந்து தூக்காதே என்றால் கேட்கவா போகிறாய்!

என் புத்தகத்தை நீ அச்சடித்து அனுப்பிய இரண்டாம் பதிப்புப் பெட்டி வந்து சேர்ந்தது. அட்டைப் படகு அழகு. உள்ளே திறக்கவில்லை. உனக்குத் தெரியுமே, காலமெல்லாம் பரீட்சைத் தாள் திருத்திய கண் இது. அச்சான பிறகு திறந்தால் பிழை மட்டும்தான் தெரியும், ராத்தூக்கம் போகும். எழுத்துப் பிழைகளைத்தான் முன்பே குறித்து அனுப்பிவிட்டேனே, நீ திருத்தியிருப்பாய்.

பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் ஒரு பிரதியைப் புரட்டிவிட்டு, "டீச்சர், இது கதைப் புத்தகமா, விளையாட்டா?" என்றார். இரண்டும்தான் என்றேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். எல்லோரும் வெள்ளத்தில் போகும் ஒரு படகில் இருக்கிறார்கள். ஒருவர் துடுப்புக்காரர், என்ன நடக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாக மாறி, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். செய்ய முடிந்ததா என்பதைப் பகடை சொல்லும். அவர் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுல தினமும் இதுதானே நடக்குது, பகடைதான் இல்ல" என்றார்.

ஆடுகிறவர்களின் கடிதங்களுக்குக் குறைவில்லை. கடைசிப் பக்கத்தில் 'சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்' என்று என் முகவரியைப் போட்டது நல்லதாயிற்று. படகில் பசுமாட்டை ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏற்றலாம், ஆனால் மாடு யார் பக்கம் சாயும் என்று அதைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்று எழுதினேன். வகுப்பில் கை தூக்குகிற பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அது மறுபடி கை தூக்காது. அதனால் எல்லோருக்கும் எழுதிவிடுகிறேன்.

உன் பின்னறையைத் திறந்து காற்றாட விடு. கண் ஆபரேஷனுக்கு வந்து உன்னோடு தங்கினேனே, அப்போதும் பூட்டித்தான் கிடந்தது. உள்ளே காகிதம், தூசி, உனக்கு இருமல் வரும் என்றாய். பூட்டி வைத்தால் காகிதமும் இருமும்.

வழக்கமாகக் கேட்பதுதான். உன் சின்னக்கா, நம் வாலுவைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவள், அப்பாவே போன பிறகும் வரவில்லை. நான் போட்ட கடிதங்கள் எல்லாம் ஆள் இல்லை என்று திரும்பிவிட்டன. உன் ஊர் பெரிய ஊர். அந்தப் பக்கம்தான் போனாள் என்பார்கள். எங்காவது கண்ணில் படுகிறாளா பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். சூடாகச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். இடுப்பு வலி பரவாயில்லை, வெல்டிங் வைத்தது போல ஒரு பெல்ட் கட்டியிருக்கிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டேன். வேறு ஒன்றும் மாற்றவில்லை. நீ திறந்து பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதே.

பின்னறை நன்றாகத்தான் இருக்கிறது.

சின்னக்காவைப் பற்றிப் புதிதாக ஒன்றும் இல்லை.

அச்சகத்தில் வேலை நெரிக்கிறது. மற்றவை பிறகு. மருந்தை நிறுத்திவிடாதே.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் பெல்ட்டை உட்காரும்போது தளர்த்திக்கொள், இல்லாவிட்டால் புது வலி வரும்.

ஒரு வேடிக்கை கேள். இந்த மாதம் வருகிற கடிதங்களில் திடீரென்று எல்லோரும் கயிறு கயிறு என்கிறார்கள். கயிறு எவ்வளவு நீளம், கயிற்றை இரண்டு பேர் பிடிக்கலாமா, நனைந்தால் வழுக்குமா! வேன் ஓட்டுகிற ஒருவர், விழுந்தவரைக் கயிறு போட்டு ஏற்றிய பிறகு அவர் இருமலாமா என்றுகூடக் கேட்கிறார். நம் ஆட்டத்தில் ஏது கயிறு? யாரோ ஒரு மேசையில் கிளப்பிவிட்டிருக்க வேண்டும். ஒரு பிள்ளை 'நாளைக்கு லீவு' என்றால் மதியத்துக்குள் பள்ளிக்கூடமே மூட்டை கட்டிவிடும், அப்படி.

தண்ணீரில் விழுந்தவர் படகுக்குத் திரும்புவதில்லை. ஆனால் ஆடுகிறவர் மேசையை விட்டு எழுந்து போகக் கூடாது. அந்த நிமிடத்திலிருந்து அவர்தான் ஆறு. வெள்ளம் எப்படிப் புரள வேண்டும், படகை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார். இந்த ஒரு விதிக்காகத்தான் நான் இந்த ஆட்டத்தையே எழுதினேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய வேலி.

ஒரு தையற்கூடத்திலிருந்து வந்த கடிதம் மட்டும் கொஞ்சம் மனதில் நின்றது. அங்கே வேலை செய்கிற பெண்கள் விடுமுறை நாளில் துணி வெட்டும் மேசையிலேயே ஆடுகிறார்களாம். அவர்களுடைய துடுப்புக்காரி வேறொருவர் கையால் எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பெயர் இல்லை. ஒரே ஒரு கேள்வி: "படகில் இருப்பவர் கயிற்றை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாரா என்று தண்ணீரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. இல்லாத கயிற்றைப் பற்றி இவ்வளவு அழகாகக் கேட்டிருக்கிறாரே என்று தோன்றியது. ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் முறை. "அம்மா, எங்கள் படகில் கயிறு இல்லை. வேறு ஏதோ ஆட்டத்தோடு குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். விழுந்தவர் விழுந்தவர்தான். அதை ஏற்றுக்கொண்டால்தான் ஆட்டம் மேலே நகரும்" என்று எழுதிப் போட்டேன்.

உன் ஊர்தான் அது. நேரம் கிடைத்தால் போய், யார் இந்தக் கயிற்றைத் திரித்தது என்று விசாரி.

வாலுவைப் பற்றி ஏதாவது?

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. மெஷின் பழுது.

நீ இப்படி எல்லோருக்கும் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருப்பது உன் கண்ணுக்கு நல்லதல்ல. கடிதங்கள் நேரே எனக்கு வரட்டும். அடுத்த பதிப்பில் என் முகவரியைப் போட்டுவிடுகிறேன். நீ ஓய்வெடு.

அந்தத் தையற்கூடத்துக்கு நீ எழுதியது அவ்வளவுதானா? வேறு ஏதாவது எழுதினாயா? இனிமேல் அவர்களுக்கு எழுதுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேள்.

சின்னக்காவைப் பற்றிச் செய்தி இல்லை.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலம்.

வேன் ஓட்டுநர் மறுபடி எழுதியிருந்தார். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுதின புத்தகத்த நீங்க படிச்சீங்களா? எங்க மேசையில உங்க கடிதாசிய ஒருத்தர் தூக்கிப் பிடிக்கிறார், புத்தகத்த ஒருத்தர் தூக்கிப் பிடிக்கிறார், சண்டை மண்டையப் பிளக்குது." பக்க எண்ணையும் போட்டிருந்தார்.

பெட்டியைத் திறந்தேன். அந்தப் பக்கத்தைப் படித்தேன்.

'படகில் ஒரு கயிறு இருக்கிறது. விழுந்தவரை அதனால் மீட்கலாம். ஆனால் படகில் இருப்பவர் இழுக்கக் கூடாது. பிடித்துக்கொண்டிருந்தால் போதும். தண்ணீரில் இருப்பவர் தானே ஏறி வருவார்.'

என் நடை. என்னைப் போலவே கீழே ஒரு உதாரணம் வேறு. சின்ன வயதில் என் தங்கை வீட்டுக்குப் பின்னால் இருந்த வற்றிய கிணற்றில் இறங்கி ஏற முடியாமல் நின்றாளாம். துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துப் போட்டு, மறுமுனையை நான் இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேனாம். "நீ இழுக்காத, பிடிச்சுட்டு மட்டும் இரு, நான் ஏறிக்குவேன்" என்றாளாம்.

இதை உனக்கு யார் சொன்னது?

அக்கா


மே 2

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மெஷின் இன்னும் பழுதுதானா?

நான் ஒரு உதாரணம் சொல்கிறேன். பரீட்சையில் இரண்டு பிள்ளைகள் சரியான விடை எழுதினால், ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதினான் என்று சொல்ல முடியாது. இருவரும் படித்திருக்கலாம். வகுப்பில் நடத்தாத ஒன்றை இருவரும் எழுதினால்தான் சந்தேகம் வரும்.

கிணற்றுக் கதை நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. கொடி கிணற்று விளிம்பில் உரசி அறுந்ததற்கும் துணியெல்லாம் சேற்றில் கிடந்ததற்கும், ஆடு கடித்துவிட்டது என்று நானும் அவளும் சொன்னோம். அம்மா கடைசிவரை அந்த ஆட்டைத் திட்டினாள். உனக்குத் தெரிந்ததும் ஆட்டுக் கதைதான். நீ அன்றைக்குத் தொட்டிலில் கிடந்தாய். நான் யாரிடமும் சொன்னதில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

அப்படியானால் அவள் உன்னிடம் பேசியிருக்கிறாள். எப்போது?

இன்னொன்றும் யோசித்தேன். உன் வீட்டில் நான் தங்கியபோது கட்டோடு கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். காது மூடவில்லை. ஒரு மத்தியானம் யாரோ வாசலுக்கு வந்து, "அக்கா இல்லையா? ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன்" என்றார்கள். நீ வெளியே போய்த் தணிந்த குரலில் ஏதோ சொல்லி அனுப்பினாய். வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று என்னிடம் சொன்னாய். நான் நம்பினேன்.

பின்னறையில் காகிதமா இருந்தது?

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் போடாவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

அக்கா


ஜூன் 11

அக்கா,

பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அது சின்னக்காவின் அறைதான். அப்பா போன அடுத்த வருஷம் அவளைத் தற்செயலாகப் பார்த்தேன். அந்தத் தையற்கூடத்தில் அளவெடுத்து வெட்டுகிற பொறுப்பு அவளுடையது. தனியாக இருந்தாள், நானும் தனி. என்னோடு வந்து இரு என்றேன். வந்தாள். அக்காவுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நீ அப்பாவைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தாயா, நீயும் அப்பா பக்கம்தான் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. நீ ஆபரேஷனுக்கு வந்தபோது அவளே கூட வேலை செய்கிறவர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

உன் ஆட்டத்தின் முதல் பதிப்பை நான்தான் அவளிடம் கொடுத்தேன். விழுந்தவர் திரும்புவதில்லை என்ற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டாள். "இது எனக்குத்தான்டா எழுதியிருக்கா" என்றாள். சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள் அவளே அந்தக் கயிற்று விதியையும் கிணற்றுக் கதையையும் சொல்லி, இதைச் சேர்ப்பாளா என்று கேள் என்றாள். கேட்டேன் என்று சொன்னேன். நீ சம்மதித்துவிட்டாய் என்றும் சொன்னேன். அச்சடிப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. நீதான் அச்சான புத்தகத்தைத் திறக்க மாட்டாயே.

சத்தியத்தைக் காப்பாற்றினேன் அக்கா. அது தப்பா? ரெண்டு பேருக்கும் நடுவில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி எனக்குத்தான்.

உன் பதில் வந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இப்போது தையற்கூடத்தின் மாடியில் இருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 15

தையற்கூடத்துத் துடுப்புக்காரிக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் மேசையில் ஆடுகிறவர்களும் நலம் என்று நம்புகிறேன்.

பிப்ரவரியில் உங்கள் கேள்விக்கு நான் ஒரு பதில் எழுதினேன். அது தவறான பதில். வேறு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். நீங்கள் வைத்திருக்கும் புத்தகத்தை நான் ஏப்ரலில்தான் முதன்முதலாகப் படித்தேன். அந்த விதியைச் சேர்க்கலாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சேர்த்திருப்பேன், இன்னும் நல்ல காகிதத்தில்.

முதல் பதிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விழுந்தவர் திரும்புவதில்லை என்பதோடு நீங்கள் மூடிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வரியையும் படித்திருக்கலாம். விழுந்தவர்தான் ஆறு, அவர் இல்லாமல் படகு நகராது என்று இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருத்தி வீட்டை விட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த ஒவ்வொன்றையும் அவள்தான் தள்ளினாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவளா என்று பார்த்தேன். அதைத்தான் விதியாக எழுதினேன். எழுதிய விதம் போதவில்லை போலிருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி. படகில் இருப்பவர் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாரா என்று எப்படித் தெரியும்? கயிறு விறைப்பாக இருக்கிறதா என்று லேசாக இழுத்துப் பார்க்கலாம். நீங்கள் பிப்ரவரியில் செய்தது அதுதான். எனக்குத்தான் கையில் உறைக்கவில்லை.

ஆடு கடித்த இடத்தில் முடிச்சுப் போட்டு அந்தக் கொடி இன்னும் இருக்கிறது. துணி காய்கிறது.

அன்புடன்,
ஆட்டத்தை எழுதியவள்


ஜூலை 19

ஆசிரியை அவர்களுக்கு,

நலம். நலமா?

உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை மேசையில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டு, புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தையல் போட்டு மூடிவிட்டேன். ஜூன் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. தையலைப் பிரித்தேன். ஊசித்துளை தெரிகிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சத்தியம் வாங்கினது உண்மை. ஆனால் அது முதல் வருஷம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை உங்கள் கடிதம் வரும்போதும் அவனிடம், "அக்கா என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?" என்று கேட்பேன். கேட்டால் சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருந்தேன். அவன் கடிதத்தைப் பிரித்து, படித்து, மடித்து, "இல்ல, ஒண்ணும் கேக்கல" என்பான். ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லையா?

இப்போது அவனைக் கேட்டேன். அழுதான். "நீங்க ரெண்டு பேரும் சேந்துட்டா நான் எப்பவும் மூணாவது ஆளுதான். தொட்டில்ல கெடந்தவன யாரு கூப்பிட்டீங்க" என்கிறான். இந்த வயசில்.

நீ கேட்டாயா அக்கா?

வாலு


ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன் என்று அவளுக்கு எழுதிவிட்டேன். நீ போட்ட பதில்களையும் கட்டி அவளுக்கே அனுப்பிவிட்டேன். 'புதிதாக ஒன்றும் இல்லை', 'செய்தி இல்லை' எல்லாம் உன் கையெழுத்தில் இருக்கின்றன. அவள் அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருக்கும்போது நீ எழுதியவை. மெஷின் சத்தம் கேட்டிருக்குமே உனக்கு, அந்த வரியை எழுதும்போது?

சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்று எழுதியிருந்தாய். நான் அதை நம்பி உனக்காக இரண்டு நாள் வருத்தப்படவும் செய்தேன். பிள்ளைகள் சண்டையில் பென்சிலை ஒளித்து வைக்கிறவன் ஒருவன் இருப்பான். அவனும் கூடச் சேர்ந்து தேடுவான். எல்லோரையும்விட அக்கறையாகத் தேடுவான். அவனை நான் ஒருபோதும் அடித்ததில்லை. பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். வகுப்பில் அது முடிந்தது. இது வகுப்பல்ல.

மூன்றாவது ஆள் என்றாயாம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனையோ வருஷமாக இருந்த ஒரே ஆள் நீதான்.

அடுத்த பதிப்பு இங்கே பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கிற அச்சகத்தில். கயிற்று விதி அப்படியே இருக்கும், அவள் பெயரில். கடைசிப் பக்கத்தில் அவள் முகவரியும் என் முகவரியும் இருக்கும். வருகிற விடுமுறை நாளில் தையற்கூடத்து மேசையில் ஆட்டம். நான் போகிறேன். அவள் வாசலில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். என்னை அழைக்க உன் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு நீ வர வேண்டாம்.

அவள் உன்னை மன்னித்துவிடலாம், அவள் கிணற்றிலிருந்து தானே ஏறி வந்தவள். என்னால் இப்போது முடியவில்லை. பிறகு முடியுமா என்றும் தெரியாது.

வழக்கமாக விசாரிக்கும் உன் நலத்தை இந்த முறை விசாரிக்கவில்லை. கோபத்தால் அல்ல. உன் இடுப்பு வலி தேவலையா என்று கேட்டால் நீ 'பரவாயில்லை' என்று எழுதுவாய். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அக்கா